பழைய கொங்கிரீட்டுக்கு மேலே இன்டர்லொக் கல்: தண்ணீர் எங்கே போகும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையின் ‘வீடு’ பக்கத்தில் ஒரு குறிப்பு வாசித்தேன். வாகனம் ஏறிவரும் பழைய கொங்கிரீட் தளத்தை உடைக்கத் தேவையில்லை, அதற்கு மேலேயே மணலைப் பரப்பி இன்டர்லொக் கல் பதித்துவிடலாம், செலவும் மிச்சம், வேலையும் சீக்கிரம் முடியும் என்று எழுதியிருந்தது. பொய் என்று சொல்லமாட்டேன். கொழும்புப் பக்கம் தரை தட்டையாக இருக்கிற இடத்தில், தளமும் நல்ல நிலையில் இருந்தால் செய்யலாம். ஆனால் உங்கள் பத்திரிகையை மலையகத்திலும் நிறையப் பேர் வாசிக்கிறோம், எங்கள் ஊர்களில் தட்டையான வாசல் ஒன்றைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். அந்தக் குறிப்பில் கல்லின் நிறம், டிசைன் எல்லாம் இருந்தது, தண்ணீரைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். இடம் போதாமல் வெட்டுவதென்றால் வேறு எதையாவது வெட்டுங்கள், தண்ணீர் பற்றிய பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் பண்டாரவளையில் இருந்துகொண்டு அப்புத்தளை, வெலிமடை, சில வேளை ஹட்டன் வரைக்கும் போய்க் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்கிறவன். இப்போது எந்தப் பக்கம் போனாலும் இந்த வேலைதான் நடக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை காசு அனுப்பியதும் முதலில் மாறுவது வாசல்தான், அதில் தப்பும் இல்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சீமெந்து விலையைப் பார்த்துப் பயந்தவர்கள் புதிதாகக் கொங்கிரீட் போடுவதை விட்டு, இருப்பதை மூடிவிடுவோம் என்று நினைப்பதும் எனக்கு விளங்குகிறது.

இன்டர்லொக் போட்டால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். அடியில் சல்லி போட்டு இறுக்கிய தரை என்றால் ஓரளவு இறங்கும்தான். பழைய கொங்கிரீட்டுக்கு மேலே போட்டால் எங்கே இறங்கும்? மழைத் தண்ணீரில் ஒரு பங்கு கல் இடுக்கு வழியாக உள்ளே போகும், மணலைக் கடக்கும், கொங்கிரீட்டில் போய் முட்டி நிற்கும். மேலே வெயில் அடித்துக் கல் காய்ந்துவிட்டாலும் உள்ளே மணல் ஊறிப்போய்த்தான் இருக்கும். அதன் மேல் வேன் ஏறும்போது சக்கரம் அழுத்துகிற அழுத்தத்தில் உள்ளே நிற்கும் தண்ணீர் இடுக்கு வழியாக மேலே பிதுங்கி வரும், வரும்போது பொடி மணலையும் இழுத்துக்கொண்டு வரும். மழை விட்ட பிறகு கல்லுக்கு மேலே சாம்பல் நிறத்தில் சேறு மாதிரி படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது வெளியிலிருந்து வந்த அழுக்கு என்று கூட்டித் தள்ளிவிடுவோம். உண்மையில் அது கல்லுக்கு அடியில் பரப்பியிருந்த மணல் படுக்கைதான். இப்படி ஒரு மழைக்காலம் போனால் சக்கரம் ஓடும் இடம் இரண்டு வாய்க்கால் மாதிரி இறங்கிவிடும், அப்புறம் அந்த வாய்க்காலில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தேங்கும், இன்னும் இறங்கும்.

எங்கள் ஊர் மழையும் ஒரு நாள் பெய்துவிட்டுப் போகிற மழை இல்லை. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே மாதத்தில் தொடங்கினால் செப்டெம்பர் வரைக்கும் இழுக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு வருட முடிவில் வடகீழ் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பின்னேரம் பின்னேரமாக இடியோடு கொட்டும். ஆக, தளத்துக்கு மேலே உள்ள மணல் காய்வதற்கு இங்கே அவகாசமே கிடையாது.

இதில் இன்னொரு கூத்து, இங்கே பெரும்பாலும் மணல் கூடப் போடுவதில்லை. மணல் விலை கூட, அதனால் குவாரியிலிருந்து வரும் கல்தூளைப் பரப்பிவிடுகிறார்கள். காய்ந்திருக்கும்போது கல்தூள் நன்றாக இறுகும், கல் பதிக்கும் பாஸ்மாருக்கும் மட்டம் பிடிக்க இலகு, அது உண்மைதான். ஆனால் அதில் மாவு மாதிரி பொடி அதிகம், அந்தப் பொடி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், விடாது. கொங்கிரீட் தளத்துக்கு மேலே பதிப்பதென்றால் என்னைக் கேட்டால் கல்தூள் வேண்டவே வேண்டாம். பொடி இல்லாத சின்னச் சிப்ஸ், அதாவது கால் அங்குலத்துக்கு உள்ளே வருகிற உடைகல், தூள் போகச் சலித்தது, அதைத்தான் போட வேண்டும். அதில் தண்ணீர் நிற்காமல் தளத்தின் சரிவைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடும். சிப்ஸ் கிடைக்காவிட்டால் கழுவிய பரும்மணல். ஒரு அங்குலம் முதல் ஒன்றேகால் அங்குலம் வரை போதும், அதற்கு மேல் போகக்கூடாது. பழைய தளத்தில் பள்ளம் இருந்தால் அந்தப் பள்ளத்தை முதலில் சீமெந்துக் கலவையால் நிரப்பிக் காயவிட்டு மட்டம் செய்துகொள்ள வேண்டும், மணலால் நிரப்பி மட்டம் காட்டினால் மணல் தடிப்பாக இருக்கிற இடம்தான் முதலில் இறங்கும்.

சரி, தண்ணீர் ஓடிப் போய் எங்கே வெளியேறும்? வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள், தளத்தில் அங்கங்கே இரண்டங்குல ஓட்டை போட்டுச் சல்லி நிரப்பி, மேலே வடிதுணி, அதாவது தண்ணீரை விட்டு மணலைத் தடுக்கும் துணி, போட்டு மூடினால் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கிவிடும் என்று சொல்கிறார்கள். அந்த முறை சரியான முறைதான், தட்டையான நாட்டில். இங்கே ஒரு வாசல் எப்படி உண்டாகிறது என்று யோசித்துப் பாருங்கள். மலையை ஒரு பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணை மறுபக்கம் தள்ளி நிரப்பி, அந்த நிரப்பு மண் சரியாமல் இருக்கக் கருங்கல்லில் ஒரு தடுப்புச் சுவர் கட்டி, அதற்கு மேலேதான் கொங்கிரீட் போட்டிருக்கிறோம். அந்த நிரப்பு மண்ணுக்குள் ஓட்டை வழியாகத் தண்ணீரை ஊற்றினால் மண் ஊறிப் பாரம் கூடும், சுவரைத் தள்ளும். தடுப்புச் சுவரில் வடிகுழாய் வைத்திருக்கிறார்களா என்று எட்டிப் பாருங்கள், பல வீடுகளில் வைத்தே இருக்காது, வைத்த இடத்திலும் மண் அடைத்திருக்கும். வெட்டுப் பக்கம், நல்ல கெட்டி மண் என்றால் அது வேறு கதை. நிரப்புப் பக்கத்தில் தளத்தைத் துளைக்கவே கூடாது. தளத்துக்கு மேலே வந்த தண்ணீரைத் தளத்துக்கு மேலேயே ஓடவிட்டு ஓரத்தில் பிடித்துக் கானுக்கு, அதாவது வடிகாலுக்கு, கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குத் தளத்தில் சரிவு இருக்க வேண்டும், பத்தடிக்கு இரண்டங்குலமாவது. ஒரு ஹோஸ் பைப்பை மேல் பக்கம் வைத்துத் திறந்துவிட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும், எங்கே தேங்குகிறதோ அங்கே சோக்குக் கட்டியால் வட்டம் போட்டுக்கொள்ளலாம். அப்புறம் முக்கியமான இடம் தாழ்வான ஓரம். கல் நகராமல் இருக்க ஓரத்தில் கொங்கிரீட் கட்டு ஒன்று போடுவார்கள், போடத்தான் வேண்டும், போடாவிட்டால் கல் விலகும். ஆனால் அந்தக் கட்டைச் சுற்றிவரத் தொடர்ச்சியாகப் போட்டுவிட்டால் வாசல் ஒரு தொட்டி ஆகிவிடும். கீழ் ஓரத்துக் கட்டில், பழைய தளத்தின் மட்டத்தோடு ஒட்டினாற்போல மூன்றடிக்கு ஒன்றாக ஓரங்குல பீவீசி பைப் துண்டு வைத்து, உள்வாயை வடிதுணியால் மூடி, வெளிவாயைக் கானுக்குத் திறந்துவிட வேண்டும். இவ்வளவு சின்ன விஷயம். நான் போய்ப் பார்க்கிற வாசல்களில் பெரும்பாலும் இந்தப் பைப் துண்டைக் காணமுடிவதில்லை. கேட்டால், அதை வைத்தால் ஓரம் அசிங்கமாகத் தெரியும் என்கிறார்கள்.

அடுத்தது வெடிப்பு. இதை எழுதத்தான் உண்மையில் பேனாவை எடுத்தேன். பழைய தளம் வெடித்திருக்கிறது, பார்க்க நன்றாக இல்லை, கல் போட்டு மறைத்துவிடுவோம் என்றுதான் பாதிப் பேர் இந்த வேலையைத் தொடங்குகிறார்கள். தலைமயிர் மாதிரி மெல்லிய வெடிப்பு கொங்கிரீட் காயும்போது வருவது, அதற்குப் பயப்படத் தேவையில்லை. ஆனால் வெடிப்பின் ஒரு பக்கம் மறுபக்கத்தை விடத் தாழ்ந்திருந்தால், அல்லது பள்ளத்துப் பக்க ஓரத்துக்குச் சமாந்தரமாக நீளத்துக்கு ஓடினால், அல்லது போன வருடம் காசு நுழைந்த இடத்தில் இந்த வருடம் விரல் நுழைந்தால், அது கொங்கிரீட்டின் பிரச்சினை கிடையாது, அடியில் மண் நகர்கிறது. ஒரு அலவாங்கை எடுத்துத் தளத்தை இடம் இடமாகக் குத்திப் பாருங்கள், கெட்டியான இடம் ஒரு சத்தம், அடியில் மண் அரித்துப் போய் வெறுமையாக இருக்கும் இடம் வேறு சத்தம், காது கேட்கிற யாருக்கும் வித்தியாசம் தெரியும். வெறுமை இருந்தால் அந்தப் பகுதியை உடைத்து, மண் ஏன் போனது என்று பார்த்து, சல்லி போட்டு இறுக்கித் திரும்பப் போட்ட பிறகுதான் கல்லைப் பற்றிப் பேச வேண்டும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு முன் தெரியும் அடையாளங்கள் என்று சொல்வதில் நிலத்திலும் சுவரிலும் புதிதாக வரும் வெடிப்பு ஒன்று, மரங்களும் மின்கம்பங்களும் சாய்வது ஒன்று, திடீரென்று ஊற்று கிளம்புவது ஒன்று. வாசல் கொங்கிரீட் என்பது வீட்டைச் சுற்றி வெடிப்பு முதலில் கண்ணில் படக்கூடிய இடம். அதன் மேல் இன்டர்லொக் போட்டால் என்ன ஆகும்? இன்டர்லொக் வெடிக்காது, சும்மா கொஞ்சம் வளையும், இடுக்கு அரை நூல் அகலும், யாரும் கவனிக்கமாட்டார்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாங்கள் மறக்கவில்லை, 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் நடந்ததை இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த மழைக்குப் பிறகு வெடித்த வாசல்கள் எத்தனையோ இருக்கின்றன, அவற்றைத்தான் இப்போது அழகாகக் கல் போட்டு மூடிக்கொண்டிருக்கிறோம். மூடுவதற்கு முன்னால் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி அந்த நிறுவனத்தின் ஆட்களை ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லுங்கள். மழை நேரத்தில் வெடிப்பு அகலுவது தெரிந்தால் 117க்கு அழையுங்கள், அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம், வாசல் வேலையைப் பிறகு பார்க்கலாம்.

உயரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார், வேன் ஏறும் வாசலுக்குக் கல் 60 மில்லிமீற்றர் தடிப்பு வேண்டும், அடியில் 30 மில்லிமீற்றர் படுக்கை, ஆக மொத்தம் மூன்றரை அங்குலம் உயரும். கேட்டுக்கு அடியில் அவ்வளவு இடைவெளி இருக்கிறதா? நான் பார்த்த ஒரு வீட்டில் வேலை எல்லாம் முடிந்து, கல்லை அழுத்தி இறுக்கும் கம்பாக்டரும் போன பிறகுதான் கேட் திறக்காது என்று தெரிந்தது. வீட்டுப் படியும் அப்படித்தான், முன்பு ஆறங்குலம் இருந்த படி இப்போது இரண்டரை அங்குலம், சாரல் அடித்தால் தண்ணீர் தெறித்துச் சுவர் அடி முழுக்க ஈரம், நுவரெலியாக் குளிரில் அந்த ஈரம் காயவே காயாது. மேன்ஹோல் மூடியையும் தண்ணீர் மீற்றர் பெட்டியையும் உயர்த்த மறந்து கல்லுக்குள் புதைத்துவிட்டு, பின்னால் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இதை விடப் பயங்கரமான ஒன்று, ரோட்டுக்குக் கீழே வீடு, வாகனம் நிற்கிற இடம் தூணுக்கு மேலே. எங்கள் ஊர்களில் இப்படி நிறைய உண்டு, மேலே கார் நிற்கும், அதற்குக் கீழே சமையலறையோ பிள்ளைகள் படுக்கும் அறையோ இருக்கும். அந்த ஸ்லெப்பிலும் இன்டர்லொக் பதிக்கிறார்கள்! கல்லும் படுக்கையுமாகச் சேர்த்து ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 185 கிலோ வரும். பத்தடிக்குப் பதினாறடி இடம் என்றால் இரண்டே முக்கால் டன். இரண்டு காரைக் கொண்டுவந்து ஏற்றி, இனி இறக்கவே மாட்டோம் என்று நிறுத்தி வைத்த மாதிரி. மணல் ஊறினால் இன்னும் கூடும். அந்த ஸ்லெப்பை எத்தனை அங்குலத்தில், என்ன கம்பி போட்டுக் கட்டினார்கள் என்று கட்டியவருக்கே நினைவிருக்காது. இந்த மாதிரி இடத்தில் பொறியியலாளர் ஒருவர் வந்து கணக்குப் பார்க்காமல் ஒரு கல்லும் ஏற்றக்கூடாது, மணல் படுக்கையில் நிற்கும் தண்ணீர் கீழ் அறைக் கூரையில் ஒழுகுவதையும் கம்பி துருப்பிடிப்பதையும் நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

செங்குத்தான வாசல்களுக்கு வருகிறேன். பத்தடி நீளத்துக்கு ஒன்றரை அடிக்கு மேல் ஏறுகிற வாசலில் பழைய கொங்கிரீட்டுக்கு மேலே கல் பதிக்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கொங்கிரீட் வழவழப்பு, அதன் மேல் உருளும் சிப்ஸ், அதன் மேல் கல், அதன் மேல் பிரேக் பிடித்துக்கொண்டு இறங்கும் வேன். கல் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகர்ந்து, மேலே இடுக்கு விரியும், கீழே கல் எழும்பும். கட்டாயம் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் 15, 20 அடிக்கு ஒன்றாகக் குறுக்குக் கட்டு போட்டு, அந்தக் கட்டைக் கம்பி துளைத்துத் தளத்தோடு பிடித்து, அதன் அடியிலும் தண்ணீருக்கு வழி விட்டு, பதிப்பதைக் கீழிருந்து மேலே தொடங்கி, மீன்முள் மாதிரி குறுக்கும் மறுக்குமாகப் போட வேண்டும். நேர் வரிசையாகப் போட்டால் வரிசையாகவே இறங்கும். இவ்வளவு செலவழிப்பதற்குப் பழைய ஆட்கள் செய்த வேலையே மேல், கொங்கிரீட் ஈரமாக இருக்கும்போது குறுக்கே வரிவரியாகக் கோடு இழுத்து விட்டிருப்பார்கள், டயர் பிடித்து ஏறும், பாசி பிடித்தாலும் ஓரளவு தாங்கும். கோடு தேய்ந்திருந்தால் கிரைண்டரால் திரும்ப வெட்டலாம். அழகு குறைவுதான், ஆனால் இன்டர்லொக்கில் பாசி பிடித்து மோட்டார் சைக்கிளோடு விழுவதை விடப் பரவாயில்லை.

தண்ணீரைக் கானுக்கு விடச் சொன்னேன், எந்தக் கானுக்கு என்பதையும் சொல்ல வேண்டும். ஏழு பேர்ச்சஸ் காணியில் வரிசையாக வீடு கட்டிய இடங்களில் மேல் வீட்டு வாசல் தண்ணீர் கீழ் வீட்டுக் கூரைக்கு நேரே வருகிறது. முன்பு மண் வாசலாக இருந்தபோது பாதியாவது மண் குடித்தது. கேட் வாசலில் குறுக்கே ஒரு கானு வெட்டி, கம்பி மூடி போட்டு, பைப்பில் பிரதேச சபைக் கானு வரைக்கும் கொண்டுபோய் விடுவது மேல் வீட்டுக்காரர் வேலை. பக்கத்து வீட்டாருடன் முகம் கொடுத்துப் பேச முடியாமல் போன குடும்பங்கள் எனக்குத் தெரியும், காரணம் விசாரித்தால் காணிச் சண்டை என்பார்கள், போய்ப் பார்த்தால் இந்தத் தண்ணீர்தான்.

மற்றபடி சின்னச் சின்ன விஷயங்கள். கல் வாங்கும்போது இலங்கைத் தரமான எஸ்எல்எஸ் 1425க்குச் செய்ததா என்று கேளுங்கள், இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள், விளிம்பு உதிர்ந்தால் வேண்டாம். இடுக்குக்குப் போடும் பொடி மணல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இங்கே மூடுபனியில் மணல் காய்வதே இல்லை, தகரத்தில் பரப்பிக் கூரைக்குக் கீழே வைத்துக் காயவைத்து எடுக்க வேண்டும். சிலர் அதில் சீமெந்து கலந்து தூவுகிறார்கள், கெட்டியாக இருக்குமாம். கல் அசையத்தான் செய்யும், அசைகிற கல்லுக்கு நடுவில் சீமெந்து நிற்குமா? வெடித்துக் கழன்று வரும், கல் மேலே வெள்ளைக் கறையும் விழும். முதல் மழைக்குப் பிறகு இடுக்கு மணல் கொஞ்சம் குறையும், திரும்பத் தூவிக் கூட்டி விட வேண்டும், அதைச் செய்து தருவதையும் சேர்த்தே விலை பேசிக்கொள்ளுங்கள்.

காலமும் முக்கியம். தீபாவளிக்கு முன்னால் முடித்துத் தாருங்கள் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், தீபாவளி வருவதோ சரியாக இடிமழைக் காலத்தில். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும், எங்கள் ஊவாப் பக்கம் ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரைக்கும் செய்தால் படுக்கை நனையாமல் வேலை முடியும்.

ஆசிரியர் அவர்களே, ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை வீடு பக்கத்தில் இந்த விஷயத்தைத் தொடுவதென்றால் பளபளவென்று முடிந்த வாசலின் படத்தோடு, அதைக் குறுக்கே வெட்டினால் உள்ளே எப்படி இருக்கும் என்ற படத்தையும் போடுங்கள். பாஸ்மாருக்கு அதைக் கையில் எடுத்துக் காட்டலாம், வாயால் சொல்வதை விட அது வேலை செய்யும். நான் கையால் வரைந்த ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். கோடு கோணலாக இருக்கும், அளவுகள் சரி. கீழ் ஓரத்தில் பைப் துண்டு வரும் இடத்தைச் சிவப்பில் காட்டியிருக்கிறேன், கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் அந்த இடத்துக்கு மட்டும் ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பண்டாரவளை வாசகன்